வாசலில் வெறுப்பு வந்து நின்றால்: இங்கிலாந்தில் கவுன்சில், அசோசியேஷன் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிக்கட்டில் ஏறும்போது துப்புகிறார்கள். தபால் ஓட்டைக்குள் குப்பையைத் தள்ளுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைப் பார்த்து "உன் நாட்டுக்குப் போ" என்று கத்துகிறார்கள். கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கமின்றி வாடகை வீடு தரும் அமைப்பு) வீட்டிலோ குடியிருக்கும் நம்மவர்கள் பலர் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிறார்கள். வீடு கிடைத்ததே பெரிய விஷயம், வாயைத் திறந்தால் அதுவும் போய்விடுமோ என்ற பயம்.

அந்தப் பயம் தேவையில்லை. வெறுப்புக் குற்றத்துக்கு ஆளானேன் என்று சொன்னதற்காக உங்கள் வீட்டைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. உங்களுக்கு உதவ வேண்டிய கடமைதான் வீடு கொடுத்தவர்களுக்கு உண்டு. கவுன்சில்களையும் ஹவுசிங் அசோசியேஷன்களையும் மேற்பார்வை செய்யும் ரெகுலேட்டர் ஆஃப் சோஷியல் ஹவுசிங் வகுத்த விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வெறுப்புச் சம்பவங்களைச் சுலபமாக முறையிட வழி இருக்க வேண்டும், முறையிட்டால் தாமதிக்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டும், விஷயம் எந்த அளவில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும், உதவி கிடைக்கும் இடங்களைக் காட்ட வேண்டும் என்று அவை சொல்கின்றன. கவுன்சில், அசோசியேஷன் என்று வீடு தரும் இரு தரப்பையும் சேர்த்து இனி 'வீட்டு நிறுவனம்' என்றே எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வீட்டுச் சட்டம் வேறு.

முதலில் உயிர்

கதவை உடைக்கிறார்கள், அடிக்கிறார்கள், தீ வைப்பதாக மிரட்டுகிறார்கள் என்றால் யோசிக்காமல் 999. பேசினால் ஆபத்து என்ற நிலையில், கைபேசியிலிருந்து 999 அடித்துவிட்டு, அழுத்தச் சொல்லும்போது 55ஐ அழுத்தினால் பொலிசுக்கு இணைப்பார்கள். ஆபத்து கடந்துவிட்டது, ஆனால் பதிய வேண்டும் என்றால் 101. இணையத்தில் ட்ரூ விஷன் என்ற பொலிஸ் தளம் வழியாகவும் பதியலாம், விரும்பினால் பெயர் சொல்லாமலும்.

ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ் இன்டர்பிரெட்டர்" என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் எடுப்பார்கள். பொலிசோடு கதைக்கும்போதும் சரி, வீட்டு நிறுவனத்தோடு கதைக்கும்போதும் சரி, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் அம்மாவைப் பார்த்து ஒருவன் சொன்ன கெட்ட வார்த்தையைப் பத்து வயதுப் பிள்ளை அதிகாரியிடம் திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பது இன்னொரு கொடுமை. பிள்ளை அதை மழுப்பித்தான் சொல்லும், பாரதூரமான விஷயம் பதிவில் சின்னதாகிவிடும்.

பொலிசில் பதிந்ததும் குற்றப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு எல்லா இடத்திலும் அது தேவைப்படும்.

இது வெறுப்புக் குற்றமா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்

1993 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனில் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் இனவெறியர்களால் கொல்லப்பட்டார். பொலிஸ் அந்த விசாரணையில் கோட்டை விட்டதை ஆராய்ந்து சர் வில்லியம் மெக்ஃபர்சன் தந்த அறிக்கை 1999இல் வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு சம்பவத்தை இனவெறி என்று கருதினால் அதை அப்படியே பதிய வேண்டும் என்றது அந்த அறிக்கை. இன்றும் வெறுப்புக் குற்றப் பதிவு அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. எனவே "இது இனவெறிதான் என்று எப்படி நிரூபிப்பேன்?" என்ற கேள்வி முறையிடும் கட்டத்தில் உங்களுடையதல்ல. நீதிமன்றத்துக்குப் போகும்போதுதான் ஆதாரம் பற்றிய கேள்வி எழும்.

இனம், மதம், உடல் அல்லது மனக் குறைபாடு, பாலீர்ப்பு, திருநர் அடையாளம் ஆகிய ஐந்தும் வெறுப்புக் குற்றத்தின் கணக்கில் வரும். எதிராளி உங்களை யாராக நினைத்தான் என்பதையும் சட்டம் பார்க்கும். யாழ்ப்பாணத்துச் சைவரைப் "பாக்கி" (பாகிஸ்தானியரை ஏசும் சொல்) என்று திட்டினாலும், முஸ்லிம் என்று நினைத்து அடித்தாலும் அது வெறுப்புக் குற்றம்தான். "நான் அவர்கள் ஆள் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

சில சம்பவங்கள் குற்றம் என்ற அளவுக்கு வராமல் இருக்கலாம். முறைத்துப் பார்ப்பது, உங்கள் வாசலில் மட்டும் குப்பைப் பையை வைப்பது போன்றவை. பொலிஸ் இதில் ஒன்றும் செய்ய முடியாது என்றாலும் வீட்டு நிறுவனம் செய்யலாம். குற்றமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெறுப்புச் சம்பவம் என்றாலே அதற்குப் பொறுப்பு வந்துவிடுகிறது.

வீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள், வெறுப்புக் குற்றம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் சொன்னாலும், அன்றைக்கே ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். அதில் 'வெறுப்புக் குற்றம்' என்ற சொல் ஆங்கிலத்தில், 'ஹேட் க்ரைம்' என்று, இருந்தே ஆக வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் "மேல்வீட்டுக்காரரோடு பிரச்சினை" என்று எழுதினால், அலுவலகத்தில் அதை அயலவர் சண்டை என்ற கோப்பில் போடுவார்கள். அந்தக் கோப்பு வேகமாக நகராது. இரண்டு பக்கத்திலும் பிழை இருக்கும் என்ற நினைப்போடுதான் அதைத் திறப்பார்கள். சமாதானம் பேச வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். தோலின் நிறத்துக்காக ஒருவனை வெறுப்பவனோடு எதைப் பேசிச் சமாதானமாவது? அப்படிக் கேட்டால் மறுக்கலாம். மறுத்ததற்காக உங்கள் வழக்கை மூடக் கூடாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

"நான் இந்த முகவரியில் குடியிருக்கிறேன். மார்ச் 4, செவ்வாய் இரவு 9.40க்கு, இரண்டாம் மாடியில் இருப்பவர் என் கதவை உதைத்து, என் நிறத்தைச் சொல்லித் திட்டினார். என் மனைவியும் பிள்ளையும் கேட்டார்கள். இது மூன்றாவது முறை. இதை வெறுப்புக் குற்றமாகப் பதியுங்கள். பொலிஸ் பதிவு எண் இது. எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை. வழக்கு எண்ணையும், பொறுப்பான அதிகாரியின் பெயரையும் எழுத்தில் அனுப்புங்கள்."

ஆங்கிலத்தில் மாற்ற நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். எதிராளி சொன்ன வார்த்தையை அவன் சொன்னபடியே போடுங்கள். கூச்சப்பட்டு "கெட்ட வார்த்தை பேசினார்" என்று எழுதினால், அதில் இனவெறி இருந்தது என்பதே காணாமல் போய்விடும்.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிஸ்டலில் நடந்தது சாட்சி. பிஜான் இப்ராஹிமி ஈரானிலிருந்து அகதியாக வந்தவர், உடல்நலக் குறைபாடு உள்ளவர், கவுன்சில் வீட்டில் இருந்தவர். ஆண்டுக்கணக்காகப் பொலிசிலும் கவுன்சிலிலும் முறையிட்டார். தொல்லைக்கு ஆளானவராக அவரைப் பார்க்கவில்லை, ஓயாமல் தொல்லை கொடுப்பவராகப் பார்த்தார்கள். 2013 ஜூலையில், தன் பூச்செடிகளைச் சேதப்படுத்துகிறார்கள் என்று ஆதாரத்துக்காகப் படம் பிடித்தார். சிறுவர்களைத் தவறான நோக்கத்தில் படம் பிடிக்கிறார் என்று அயலில் கதை கட்டினார்கள். வந்த பொலிஸ் அவரையே கைது செய்தது. அவர் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று விடுவித்த பிறகு, பயந்து திரும்பத் திரும்ப அழைத்தும் காப்பாற்ற ஆள் வரவில்லை. அயலவர் ஒருவர் அவரை அடித்துக் கொன்று உடலை எரித்தார். 2017இல் வெளியான ஆய்வறிக்கை, கவுன்சிலிலும் பொலிசிலும் நிறுவன ரீதியான இனவெறி இருந்ததற்குச் சான்று உண்டு என்று சொன்னது. இதை வாசித்தபின் யாராவது என்னிடம் "சின்ன விஷயம்தானே, எதற்குப் பதிவு" என்று சொன்னால் என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

குறிப்புப் புத்தகம்

சாதாரணக் கொப்பி போதும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் திகதி, நேரம், இடம், யார், என்ன செய்தார், என்ன சொன்னார், யார் பார்த்தார்கள், யாரிடம் முறையிட்டேன் என்று அன்றைக்கே எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. பிள்ளை இரவில் தூங்கவில்லை, நான் மாடிப்படி வழியாகப் போவதை விட்டுவிட்டேன் என்பதையும் எழுதுங்கள். வீட்டு நிறுவனம் ஆபத்தை அளக்கும்போது, சம்பவம் உங்கள் வாழ்க்கையை எவ்வளவு பாதித்தது என்பதையும் பார்க்கும்.

சுவரில் எழுதியிருந்தால் கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். ஆட்களைத் துரத்திப் போய், முக்கியமாகச் சிறுவர்களை, படம் பிடிக்க வேண்டாம். பிஜானுக்கு நடந்ததை மறக்காதீர்கள். கதவில் கமரா பொருத்த நினைத்தால் முதலில் வீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அது பொதுப் பாதையையோ பக்கத்து வாசலையோ பிடித்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

அடுத்து வீட்டு நிறுவனம் செய்ய வேண்டியது

பல நிறுவனங்கள் வெறுப்புச் சம்பவம் என்றால் ஒரு வேலை நாளுக்குள் உங்களோடு பேசுவதாகவும், இனவெறி எழுத்துகளை 24 மணி நேரத்தில் அழிப்பதாகவும் தங்கள் கொள்கையில் எழுதிவைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனம் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் இணையத்தளத்தில் பாருங்கள், அல்லது பிரதியைக் கேளுங்கள். அவர்கள் வாக்குறுதியை அவர்களுக்கே காட்டுவதுபோல் பலமான வாதம் வேறில்லை.

முதல் சந்திப்பில் ஆபத்து எவ்வளவு என்று கேள்விகள் கேட்டு மதிப்பிடுவார்கள். வீட்டில் வேண்டாம், அதிகாரி வருவதை எதிராளி பார்ப்பான் என்றால் வேறு இடத்தில் சந்திக்கச் சொல்லுங்கள். பெண் அதிகாரி வேண்டும் என்றாலும் கேட்கலாம். சந்திப்பின் முடிவில் யார், என்ன, எப்போதைக்குள் செய்வார்கள் என்ற திட்டம் எழுத்தில் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்களைக் கேட்காமல் எதிராளியிடம் போய்ப் பேசக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள்.

வீட்டின் பாதுகாப்புக்கு என்னென்ன கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பலமான பூட்டு, கதவுச் சங்கிலி, கதவில் பார்க்கும் துளை, வாசலில் விளக்கு, உடைந்த கண்ணாடியை உடனே மாற்றுவது, கட்டடத்தின் பொதுக் கமராப் பதிவை அழியாமல் எடுத்துவைப்பது எல்லாம் கேட்கக்கூடியவை. கடைசியில் சொன்னது மிக அவசரம். அந்தப் பதிவுகள் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், ஆகவே முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். தீ வைப்பதாக மிரட்டல் இருந்தால் தபால் ஓட்டைக்குத் தீப்பிடிக்காத பெட்டி பொருத்தச் சொல்லுங்கள். தீயணைப்புப் படையையும் நேரடியாக அழைக்கலாம், இலவசமாக வந்து வீட்டைப் பார்த்துச் சொல்வார்கள்.

மனம் உடைந்து போயிருந்தால் விக்டிம் சப்போர்ட் என்ற இலவச சேவை இருக்கிறது: 0808 16 89 111. பொலிசில் முறையிடாதவர்களுக்கும் உதவுவார்கள்.

எதிராளிமேல் என்ன செய்யலாம்

எச்சரிக்கைக் கடிதம், இனி இப்படி நடக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவது ஆகியவை தொடக்கம். அதற்கு மேல் 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டம் வீட்டு நிறுவனத்துக்குப் பெரிய ஆயுதம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். 10 வயதோ அதற்கு மேலோ உள்ள எவர்மீதும் கேட்கலாம், அவர் அதே நிறுவனத்தின் குடியிருப்பாளராக இருக்க வேண்டியதில்லை. குற்றவியல் வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி நம்பினால் போதும். வன்முறையோ பெரிய ஆபத்தோ இருந்தால் கைது அதிகாரத்தையும் அதோடு சேர்க்கலாம், மீறினால் பொலிஸ் நேரே பிடித்துக்கொண்டு போகும். 18 வயது நிரம்பியவரை அப்படிப்பட்ட நிலையில் அவர் வீட்டிலிருந்தே விலக்கிவைக்கவும் வழி உண்டு.

"நீதிமன்றத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது" என்பவர்களுக்கு ஒரு விஷயம். இது சிவில் வழக்கு என்பதால், பெயர் சொல்லாத சாட்சிகள் சொன்னதை அதிகாரி தன் சாட்சியமாக எடுத்துச் சொல்லலாம். நேரில் சொல்வதற்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லை, ஆனாலும் ஏற்பார்கள்.

கடைசிக் கட்டம் எதிராளியை வீட்டிலிருந்து வெளியேற்றும் வழக்கு. அவருடைய பிள்ளைகளும் வந்துபோகும் விருந்தாளிகளும் செய்ததற்காகவும் அதைத் தொடுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் இழுபடும். "அவனை அடுத்த வாரமே தூக்குங்கள்" என்று எதிர்பார்த்தால் மனம்தான் நொந்துபோகும். அதற்கிடையில் தடையுத்தரவு கேட்டீர்களா என்று அதிகாரியை விடாமல் கேளுங்கள்.

வீடு மாறுவதா?

தப்புச் செய்தவன் இருக்க, நாம் ஏன் போக வேண்டும் என்று தோன்றும். நியாயம்தான். நீங்களாகக் கேட்காதவரை, வீடு மாறுங்கள் என்று உங்களை நெருக்கக் கூடாது. ஆனால் உயிருக்குப் பயம் என்றால் ரோஷம் பார்க்காமல் அவசர இடமாற்றம் கேளுங்கள். புதிய வீட்டிலும் இப்போது இருக்கும் அதே வகை ஒப்பந்தம்தான் கிடைக்குமா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

பயத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஒப்பந்தத்தை நீங்களே முடித்ததாகிவிடும், நீங்களாகவே வீடில்லாமல் ஆனீர்கள் என்று கவுன்சில் சொல்லவும் இடம் கொடுக்கும். கொஞ்ச நாள் விலகி இருக்க வேண்டும் என்றால், வன்முறைப் பயத்தால்தான் வெளியே இருக்கிறேன், திரும்பி வருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்படி இருந்தால், வாடகைக்கு அரசு தரும் உதவித்தொகையான ஹவுசிங் பெனிஃபிட்டோ யூனிவர்சல் கிரெடிட்டின் வீட்டுப் பங்கோ இரண்டு வீட்டுக்கும் 52 வாரம் வரை கிடைக்க வாய்ப்பு உண்டு.

அந்த வீட்டில் இருந்தால் வன்முறை நடக்கக்கூடும் என்றால், கூரை இருந்தாலும் சட்டப்படி நீங்கள் வீடற்றவர். 1996ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எந்தக் கவுன்சிலிலும் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு ஆபத்து இருக்கும் பகுதிக்கே திருப்பி அனுப்பக் கூடாது. அரசு நிதி உதவி பெற முடியாது என்ற நிபந்தனை உள்ள வீசாவில் இருப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அவர்கள் விண்ணப்பிக்கும் முன் சொலிசிட்டரிடமோ, வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஷெல்டர் அமைப்பிடமோ (0808 800 4444) கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டு நிறுவனத்தின் பாதுகாப்புக் கடமை அவர்களுக்கும் குறையாது.

வீட்டு நிறுவனம் கண்டுகொள்ளாவிட்டால்

முறைப்படி கம்ப்ளெயின்ட் கொடுங்கள். அந்தச் சொல்லைப் போட்டே எழுதுங்கள். 5 வேலை நாளில் கம்ப்ளெயின்ட் கிடைத்தது என்று சொல்லி, அதிலிருந்து 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். திருப்தி இல்லையா, இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே 20 வேலை நாள். அதுவும் சரிவராவிட்டால், வீட்டு நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஹவுசிங் ஓம்புட்ஸ்மன் (0300 111 3000), காசு கட்ட வேண்டியதில்லை. இறுதிப் பதில் வந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். பதிவை ஒழுங்காக வைத்திருந்தீர்களா என்பது இங்கேதான் கைகொடுக்கும்.

பொலிஸ், கவுன்சில், வீட்டு நிறுவனம் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால், கவுன்சிலிடம் ஏ.எஸ்.பி. கேஸ் ரிவ்யூ (சமூக விரோத நடத்தை வழக்கு மீளாய்வு) கேளுங்கள். எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து உங்கள் வழக்கைப் பார்க்க வைக்கும் உரிமை இது. ஆறு மாதத்தில் மூன்று முறை முறையிட்டிருந்தால் கேட்கலாம், சில இடங்களில் வெறுப்புச் சம்பவத்துக்கு அதைவிடக் குறைந்தாலும் ஏற்பார்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் நடந்து ஒரு மாதத்துக்குள் முறையிட்டிருக்க வேண்டும்.

தனியார் வாடகையும் அகதி விடுதியும்

தனியார் வீட்டுக்காரருக்கு மேலே சொன்ன விதிகள் இல்லை. பூட்டு மாற்றித் தரச் சொல்லலாம், மற்றபடி பொலிசும் கவுன்சிலின் சமூகப் பாதுகாப்புப் பிரிவும்தான். தடையுத்தரவு கேட்கும் அதிகாரம் கவுன்சிலுக்கும் உண்டு.

அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்து உள்துறை அமைச்சு கொடுத்த இடத்தில் இருப்பவர்கள், அகதி விண்ணப்பதாரர்களுக்கு உதவும் மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்பை அழைக்க வேண்டும்: 0808 8010 503, இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 2024 ஆகஸ்ட் 4 அன்று ராதரம் பக்கத்திலும் டாம்வர்த்திலும் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டல்களைக் கும்பல் தாக்கித் தீ வைத்ததை எல்லாரும் பார்த்தோம். ஆகவே விடுதி வாசலில் கூட்டம் கூடினாலோ யாராவது பின்தொடர்ந்தாலோ உடனே சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவராக முறையிடுவது உங்கள் அகதி விண்ணப்பத்துக்குப் பாதகமாக எடுக்கப்படாது. வீசாவே இல்லாமல் இருப்பவர்கள் நிலை வேறு. பொலிஸ் அவர்கள் விவரத்தை உள்துறை அமைச்சோடு பகிர வாய்ப்பு இருப்பதால், அவசரம் இல்லாதபோது முதலில் ஒரு சொலிசிட்டரிடம் பேசிவிட்டு, அல்லது பெயர் சொல்லாமல் ட்ரூ விஷன் வழியாக முறையிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவர்களும் 999ஐத்தான் அழைக்க வேண்டும்.